சர்வதேச உறவுகள்: மாணவர் எண்ணிக்கை ஒன்று

முதுகலையில் சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா பட்டறையில் இருந்தார். பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை உண்டு. அரிசி ஆலைகளுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் வேண்டிய இரும்புச் சாமான்களை அப்பா கடைந்து கொடுப்பார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அதுல என்னட்டி சொல்லித் தருவாங்க?"

"நாடுகளுக்குள்ள எப்படிப் பேசிக்கிடுதாங்க, எதுக்குச் சண்ட போடுதாங்க, எப்படிச் சமாதானம் ஆவுதாங்க, அதெல்லாம்ப்பா."

"பக்கத்துப் பட்டறைக்காரன்கூட நான் பேசி ரொம்ப நாளாச்சு. அதுக்கும் ஏதாவது வழி இருக்கான்னு கேட்டுட்டு வா." சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் தெரிவிப்பார்.

இளங்கலையில் நான் வரலாறு. எங்கள் தெருவில் எல்லோரும் செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் வெளிநாட்டுச் செய்திகளை எடுப்பேன். எந்த நாட்டு மந்திரி எந்த ஊருக்குப் போனார், எதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்தது என்பதெல்லாம் எனக்குக் கதை மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. அண்ணன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவிடம் சொன்னால் "அங்கனயும் விலைவாசி கூடிட்டாமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பல்கலைக்கழகத்துக்குப் போனால் என்னைப் போலவே நாலு பேர் இருப்பார்கள், அவர்களோடு பேசலாம் என்று நம்பினேன். படிப்பைவிட அந்த நம்பிக்கைதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று இப்போது தோன்றுகிறது.

பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே, உடைமரமும் பனையும் நிற்கிற வெட்டவெளியில் இருந்தது. ஆனி, ஆடியில் மலைப் பக்கமிருந்து வருகிற காற்று எங்கள் துறையின் ஜன்னல்களைச் சாத்திச் சாத்தித் திறக்கும். சேர்ந்தபோது ஆறு பேர் இருந்தோம். அந்தக் காற்றுக்காலம் முடிவதற்குள்ளேயே இரண்டு பேர் குறைந்தார்கள். ஒருவன் காவலர் தேர்வில் தேறிப் பயிற்சிக்குப் போனான். ஒருத்தி இந்தப் பாடத்துக்கு உள்ளூரில் வேலை கிடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆசிரியர் பயிற்சிக்கு மாறிக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்னொருவன் துபாய்க்கு. "நீங்க எல்லாம் படிங்க, நான் நேர்லயே பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாண்டுத் தேர்வு எழுதும்போது மூன்று பேர்தான். விடுமுறையில் ஒருத்திக்குக் கல்யாணம். மற்றவன் அரசுத் தேர்வுக்குப் படிக்கப் பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டதாக எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். இரண்டாம் ஆண்டு முதல் நாள் நான் வகுப்பறைக்குப் போனபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. என்னோடு அந்தப் படிப்பை நிறுத்திவிடுவது என்று மேலே முடிவு செய்திருந்தார்கள்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வந்துபோகிற ஒரு கௌரவ விரிவுரையாளர். முப்பத்தைந்து வயதுப் பெண், மேம் என்றுதான் கூப்பிடுவேன். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக எழுதுவார். ஒரு மாணவிக்காகக் கரும்பலகை எதற்கு என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. எனக்கு மட்டுமாகத் தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டு, "புரியுதா எல்லாருக்கும்?" என்று கேட்பார். பழக்கம். கேட்டபிறகு இருவருமே கொஞ்சம் சங்கடப்படுவோம்.

பாடத்திட்டத்தில் மாதிரிப் பேச்சுவார்த்தை என்று ஒரு பகுதி உண்டு. வகுப்பைப் பல நாடுகளாகப் பிரித்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்துப் பேசவைத்து, மதிப்பெண் போட வேண்டும். ஆள் இல்லை என்பதற்காக அந்த மதிப்பெண்ணை விட்டுவிட முடியாது என்று தேர்வுப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு மதியம் நானும் அவரும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்தோம். ஒரே ஆற்றைப் பங்குபோடும் இரண்டு நாடுகள். நான் மேட்டில் இருக்கிற நாடு, அவர் பள்ளத்தில் இருக்கிற நாடு. முதலில் இருவரும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் சூடு பிடித்துவிட்டது. அணையின் உயரத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மேசையைத் தட்டினார். சத்தம் கேட்டுத் துறை உதவியாளர் அண்ணாச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு பேரும் சண்ட போடுதியளா?"

"இல்ல அண்ணாச்சி. தண்ணி கேக்கேன், தர மாட்டேங்கா" என்றார் மேம்.

"தண்ணியா? கேன் தண்ணி இப்பதான வந்துது" என்று உள்ளே வந்து மூலையில் இருந்த கேனைச் சாய்த்துப் பார்த்தார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் வகுப்பறைக்குள் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இறுதி ஆய்வேட்டுக்கு நான் கடல் எல்லையை எடுத்துக்கொண்டேன். எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில் பிடித்து வைக்கப்படும் மீனவர்கள், அவர்களை மீட்க இரண்டு அரசுகளும் பேசிக்கொள்ளும் விதம். புத்தகங்களை வைத்தே எழுதிவிடலாம்தான். ஆனால் மேம், "நம்ம கடற்கரை ஒரு பஸ் தூரத்துல இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்து எழுது" என்றார். குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தின் பெயரையும் அவர்தான் சொன்னார். அங்கிருந்து போன ஒரு படகின் ஆட்கள் இலங்கையில் காவலில் இருப்பதாகச் செய்தி வந்திருந்தது.

நான் போன நேரம் தசரா. பேருந்து முழுக்க அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் போட்டவர்கள். என் பக்கத்தில் காளி வேடம் கட்டிய ஒரு ஆள் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு போனில் யாருக்கோ சிமெண்ட் மூட்டை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மேளச் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்தது. குலசேகரன்பட்டினத்தில் எல்லோரும் இறங்கிவிட, நான் ஆட்டோ பிடித்துக் கடலோரமாகப் போனேன். அந்தக் கிராமத்தில் சத்தமே இல்லை. மாதாகோவில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காட்டினார்கள்.

அந்த வீட்டு அக்கா வாசலில் நின்று மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். கணவர் சொந்தப் படகுக்காரர் இல்லை, கூலிக்குப் போனவர். நான் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் என்னை உட்காரவைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"மேடம் வெளிநாட்டு விஷயம் படிக்கியன்னு சொன்னாவ. எங்க வீட்டு ஆளு எப்பம் வருவாவ?"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் படிக்கிற பொண்ணுதான். அதிகாரி இல்ல."

"படிக்கவங்களுக்கே தெரியாட்டா வேற யாருக்குத் தெரியும்?"

அவள் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டாள். இரண்டு அரசுகள், ஒப்பந்தம், கூட்டுக் குழு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எப்பம் வருவாவ?" என்று மறுபடியும் கேட்டாள். கிளம்பும்போது என் போன் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கூப்பிட்டாள். "மேடம், ஏதாவது தகவல் உண்டா?"

எனக்கு எங்கிருந்து தகவல்? ஆனால் அவள் கேட்டுவிட்டாள் என்பதற்காகத் தேட ஆரம்பித்தேன். இலங்கைச் செய்தித் தளங்களைத் தினமும் பார்த்தேன். படகு பிடிபட்ட இடத்தின் பெயரை வைத்துத் தேடித் தேடி, ஒருநாள் அங்குள்ள தமிழ்ச் செய்தி ஒன்றில் அந்த வழக்கு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்து சொன்னேன்.

"விளக்கமறியலை நீட்டிச்சிருக்காங்களாம்க்கா. அடுத்த வாய்தாவுக்குத் தள்ளி வச்சிருக்காங்க."

"என்ன மறியலு? ரோட்டுல உக்காருததா? அவிய அதுக்கெல்லாம் போவ மாட்டாவளே."

"இல்லக்கா. விசாரணை முடியிற வரைக்கும் காவல்ல வச்சிருக்கிறத அங்க அப்படித்தான் சொல்லுதாங்க. அங்கன மறியல்னா ஜெயில்."

"அவங்களும் தமிழ்தான பேசுதாங்க?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். "அப்போ அவியளுக்குப் பேச்சுத் துணையாவது இருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டாள். மேடம் என்பது பிள்ளை என்று ஆனது. பிள்ளை மக்கா என்று ஆனது. வழக்கு ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. தகவல் இல்லாத வாரங்களில் என்ன குழம்பு என்று கேட்பாள், நான் சொல்வேன், அவள் தன் வீட்டில் என்ன என்று சொல்வாள். வாரம் முழுவதிலும் அப்பா, அம்மாவைத் தவிர்த்து நான் நிறையப் பேசியது அவளோடுதான்.

அது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், மேம் போய்விட்டார். வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். போகாமல் என்ன செய்வார்? கடைசி நாளில் வகுப்பு எடுக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட எப்படிச் சொல்லதுன்னே தெரியாம ஒரு வாரமாட்டு சுத்திட்டு கிடந்தேன், கேட்டியா."

"நல்ல விஷயம்தானே மேம்."

"உனக்கு யாரு பாடம் எடுப்பா?"

"எடுக்கிற பாடமெல்லாம் முடிஞ்சுட்டே. ஆய்வேடு மட்டும்தான." என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, எழுந்து போனார். ஊர் போய்ச் சேர்ந்தபின் சில முறை பேசினோம். புது வேலை, புது மொழி. அவருக்கு நேரம் இல்லை.

அரசியல் துறைப் பேராசிரியர் ஒருவர் பெயரளவுக்கு எனக்கு வழிகாட்டி ஆனார். எழுதி முடித்துக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். நான் தினமும் போய் அண்ணாச்சியிடம் சாவி வாங்கி வகுப்பறையைத் திறப்பேன்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா தொறக்கணும்? நூலகத்துல போய் இருக்கலாம்லா, அங்கன ஆளாவது இருக்கும்."

"வகுப்புன்னா இதுதான அண்ணாச்சி எனக்கு."

அவர் பிறகு கேட்கவில்லை. மற்றத் துறைகளில் பிறந்தநாள் கொண்டாடுவார்கள், கேக் வெட்டுகிற சத்தமும் கைதட்டலும் வராந்தா வழியே வரும். சாப்பாட்டு நேரத்தில் உணவகத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். யாராவது "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டால் சொல்வேன். "அது இன்னும் இருக்கா?" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு நகராது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கே வந்து சாப்பிடப் பழகினேன். அம்மா ஒருநாள் கேட்டாள், "தனியாவா உக்காந்து சாப்பிடுதே?" இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை என்பது மறுநாள் டப்பாவில் தெரிந்தது. இரண்டு பேருக்கான சோறு வைத்திருந்தாள்.

நான் படித்த கோட்பாடுகளில் நாடுகள் ஆட்களைப் போலப் பேசின. ஒரு நாடு சந்தேகப்பட்டது, ஒரு நாடு பயந்தது, ஒரு நாடு பிடிவாதமாக இருந்தது. மத்தியானத்தில் அந்த அறையில் உட்கார்ந்து அவற்றைப் படிக்கும்போது, எனக்குத் துணைக்கு இருப்பவை நாடுகள்தான் என்று தோன்றும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த அக்கா வார நாளில் கூப்பிட்டாள். ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல மக்கா. சும்மாதான். இங்கன யாருகிட்டப் பேசினாலும் பாவம், பாவம்ங்காவ. நீ அப்படிச் சொல்ல மாட்டே." பிறகு, "வகுப்புல இருக்கியோ? அப்புறம் கூப்பிடவா?" என்றாள்.

"வகுப்புலதான்க்கா. நான் மட்டும்தான் இருக்கேன்."

"மத்த பிள்ளைகள்லாம்?"

"எல்லாரும் போயிட்டாங்க."

"வாத்தியாரு?"

"அவங்களும்தான்."

"அப்போ யாருட்ட படிக்கே?"

"நானாத்தான்க்கா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். "புத்தகத்த எடுத்துட்டு இங்க வந்துரு. இங்க ஆளுக்குப் பஞ்சமில்ல" என்றாள். வெகுநேரம் நாங்கள் இருவரும் போனை வைக்கவில்லை. பெரிதாக ஒன்றும் பேசவும் இல்லை. அவள் பக்கம் யாரோ நட்சத்திர விளக்குக்கு ஒயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விடுதலைச் செய்தியை முதலில் பார்த்தது நான்தான். ஒரு முற்பகல், அந்த வகுப்பறையில். மூன்று வரிச் செய்தி. நிபந்தனையோடு விடுவிக்க நீதிமன்றம் உத்தரவு. படகு எண் சரிதானா என்று பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அதுவரை அவள்தான் என்னைக் கூப்பிடுவாள். அன்றைக்கு முதல் தடவையாக நான் கூப்பிட்டேன்.

"அக்கா, விட்டுட்டாங்க. எல்லாரையும் விடச் சொல்லியாச்சு."

"திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு மக்கா. நான் போன ஸ்பீக்கர்ல போடுதேன்."

நான் மூன்றாவது முறை சொன்னபோது அந்தப் பக்கம் பல பெண்களின் குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. யாரோ அழுதார்கள், யாரோ ஓடினார்கள், கோவில் மணியை அடிக்கச் சொல்லி ஒரு குரல் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. நான் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். எதிர்த் துறையில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேமைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். லேத் சத்தத்துக்கு நடுவில் அவர் "என்னட்டி? என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்கு வந்து சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் வெளியில் நின்றுவிட்டு உள்ளே போய் அடுத்த பக்கத்தை எழுதினேன்.

அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபின் ஒருநாள் போனேன். ஆய்வேட்டுக்கு அக்காவின் கணவருடைய பேட்டியும் இருந்தால் நல்லது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் மெலிந்து, சவரம் செய்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளதான் போன்ல தகவல் சொல்லும்" என்று அக்கா சொன்னாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"எங்க வேலை பாக்கிய?"

"வேலை இல்லண்ணே. படிக்கேன்."

தலையாட்டினார். அங்கே நடந்ததைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டபோது, "அதெல்லாம் முடிஞ்சுட்டும்மா" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா சாளை மீன் குழம்பும் பொரியலும் வைத்துப் பரிமாறினாள். அவள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தாள், என் பக்கத்தில் உட்கார அவளுக்கு நேரமில்லை. முகம் வேறு மாதிரி இருந்தது. அவ்வளவு நாள் போனில் கேட்ட குரல் அந்த முகத்தோடு ஒட்டவில்லை. கிளம்பும்போது ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தாள். திருச்செந்தூரில் பேருந்து மாறும்போது அந்தப் பையின் வாடைக்காக நடத்துநர் என்னைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வராது என்று தெரிந்தும் பூசை முடிகிற நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பார்வையாளர்கள் யாரும் இல்லாததால் அண்ணாச்சியை உள்ளே உட்காரவைத்தார்கள். ஆய்வேட்டில் கோட்பாடு குறைவு, ஆட்கள் அதிகம் என்று சொன்னார் வந்தவர். குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். என் துறையில் முதல் மாணவி நான்தான். அப்பா அதைப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "எத்தன பேர்ல?" என்று யாராவது கேட்டால், "அது தெரியல அண்ணாச்சி, கேட்டுச் சொல்லுதேன்" என்பார். அவருக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது பாளையங்கோட்டையில் அரசுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் நடப்பு நிகழ்வுகள் எடுக்கிறேன். பெரிய கூடம், மைக் வைத்துத்தான் பேச வேண்டும். எந்த அமைப்பின் தலைமையகம் எந்த ஊரில், எந்த மாநாடு எங்கே நடந்தது என்று சொல்லிக்கொண்டே போவேன், எல்லோரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தேர்வில் அது வராது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, நானே அந்த அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கணவர்தான் எடுத்தார். யார் என்று சொன்னேன். உடனே நினைவு வரவில்லை, பிறகு வந்தது.

"அவ சந்தைக்குப் போயிருக்கா. ஏதும் அவசரமாம்மா?"

"இல்லண்ணே. சும்மாதான் கூப்பிட்டேன். நீங்க நல்லா இருக்கியளா? கடலுக்குப் போறியளா?"

"போறேன், போறேன். நல்லாயிருக்கோம். வந்ததும் சொல்லுதேன்."

சொல்லியிருப்பார். மறந்தும் போயிருக்கலாம். அவளுக்கு இனி என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை, அது நல்ல விஷயம் என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க வகுப்பு எடுக்கும்போது போனை அணைக்காமல் மேசை மேலேயே வைத்திருந்தேன்.